கல்லில் எழுதிய விதியும் கணினியில் எழுதிய விதியும்

விதி என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. மனிதன் ஆராய்ந்து வகுத்துக்கொண்ட ஒழுங்கு ஒன்று. அவன் கையை மீறி அவனை ஆட்டிவைக்கும் ஊழ் மற்றொன்று. இலக்கண ஆசிரியன் கூறும் விதி முன்னையது. 'எல்லாம் என் விதி' என்று நெற்றியில் அடித்துக்கொள்பவன் கூறும் விதி பின்னையது. ஒரே சொல் இவ்விரு பொருளையுஞ் சுமந்து நிற்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். மனிதன் வகுத்த விதி, அதனை வகுத்த காரணம் மறக்கப்பட்ட அன்றே, ஊழாக மாறிவிடுகின்றது. பிறகு அதனை ஏன் பின்பற்றுகின்றோம் என்று எவருக்குந் தெரிவதில்லை. மாற்றவும் எவருக்குந் துணிவு வருவதில்லை.

இக்கருத்தை இலக்கண நூலைக் கொண்டே விளக்கப் புகுந்தால் மாணவர் கொட்டாவி விடுவர். ஆதலின், சந்தையைக் கொண்டு விளக்க நினைக்கின்றேன். அதுவும் ஊர்ச் சந்தையன்று. இணையத்திலே நாள்தோறும் நடைபெறும் விளம்பரச் சந்தை. அங்கே இக்காலத்தில் 'தானியங்கு விதி' என ஒன்று வழங்குகின்றது. 'இன்னது நேர்ந்தால் இன்னது செய்க' என்று ஒருமுறை எழுதிவைத்துவிட்டால், எழுதியவர் நித்திரை கொண்டாலுங் கணினி அதனை நிறைவேற்றிக்கொண்டே இருக்கும். இது புதுமையிலும் புதுமை என்று இளைஞர் கருதுகின்றனர். எங்கள் தீவுப் பகுதிக்கு இது அத்துணைப் புதிதன்று. சந்தைக்குப் போகுமுன் நயினாதீவிலுள்ள ஒரு கல்லைப் பார்த்துவிட்டுப் போவோம்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. அது முதலாம் பராக்கிரமபாகு மன்னன் காலத்தது. அவன் 1153 முதல் 1186 வரை பொலனறுவையிலிருந்து ஆண்டவன். சிங்கள மன்னன் ஒருவன் வணிகர்க்கு விதித்த ஆணை தமிழிலே பொறிக்கப்பட்டிருப்பது வரலாற்று மாணவர் மறவாது போற்றற்குரிய செய்தி. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டிலே இதனை ஆராய்ந்து வெளியிட்டார்.

அவ்வாணையின் பொருளை என் சொற்களிலே சுருக்கிச் சொல்கின்றேன். பிறநாட்டவர் ஊராத்துறையிலே வந்து தங்குதல் வேண்டும். அவர்கள் பாதுகாக்கப்படல் வேண்டும். பல துறைகளிலிருந்தும் அவர்கள் நம் துறையில் வந்து கூடுதல் வேண்டும். யானையுங் குதிரையும் நமக்கு விருப்பமானவை. ஆதலின், அவற்றை ஏற்றிவருங் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவர்க்கு. வேறு சரக்கு ஏற்றிவருங் கப்பல் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவர்க்கு. இவ்வொழுங்கு சந்திர சூரியர் உள்ளவரை நிற்பதாக. கல்லிலுஞ் செம்பிலும் எழுதப்படுவதாக. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே.

இவ்வாணையின் அமைப்பைக் கூர்ந்து நோக்குக. 'கப்பல் உடைந்தால்' என்பது நிபந்தனை. 'பங்கிடுக' என்பது வினை. 'நாலிலொன்று', 'செம்பாதி' என்பன எல்லை. கடலோரத்து அதிகாரி தன் ஆசைக்கேற்ப அள்ளிக்கொள்ளாதபடி இட்ட எல்லை. இம்மூன்றோடு நான்காவதாக ஓர் உறுப்பும் உண்டு. யானையும் குதிரையும் நமக்கு விருப்பமானவை என்னுங் காரணம் அது. ஒரு சரக்குக்குக் கால், மற்றொரு சரக்குக்கு அரை என்னும் வேறுபாடு எதனால் வந்தது என்பதை ஆணையிட்டவனே ஆணைக்குள் எழுதிவைத்துவிட்டான். நிபந்தனை, வினை, எல்லை, காரணம் என்னும் இந்நான்கையும் மனத்தில் இருத்திக்கொள்க. இனிச் சந்தைக்குப் போகலாம்.

தேடுபொறியிலே ஒருவர் ஒரு சொல்லை இட்டுத் தேடுகின்றார். விடைகளோடு சில விளம்பரங்களும் தோன்றுகின்றன. விளம்பரத்தைக் கண்டதற்குக் கட்டணம் இல்லை. அதனை ஒருவர் சொடுக்கி உள்ளே புகுந்தாலே விளம்பரம் இட்டவர் பணங் கொடுத்தல் வேண்டும். இதுவே சொடுக்குக் கட்டண விளம்பரம். அமெரிக்காவிலே 1998இல் 'கோ டூ' என்னுந் தேடுதளத்திலே பில் குறோஸ் என்பவர் இம்முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கூகிள் நிறுவனம் 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் 'அட்வேட்ஸ்' என்னும் விளம்பரச் சேவையைத் தொடங்கியது. 2002இலே சொடுக்குக்கு விலை கூறும் ஏல முறையை அதிற் புகுத்தியது. 2018இலே அதற்குக் 'கூகிள் அட்ஸ்' என்று பெயர் மாறியது. தமிழ்மொழிப் பக்கங்களுக்கும் விளம்பரங்களுக்கும் அச்சேவையில் வழி திறந்ததும் அதே 2018ஆம் ஆண்டிலேதான்.

ஏலம் என்றதுங் கடற்கரை நினைவுக்கு வரும். விடியற்காலையிலே வள்ளம் கரை சேர்ந்ததும் மீனைக் குவித்து ஏலங் கூறுவார்கள்; கூடியதைக் கேட்டவர் கொண்டுபோவார். தேடுபொறியின் ஏலமும் ஏலமே. ஆயினும் இரண்டு வேறுபாடுகள் உள. ஒன்று, கூடிய விலை கூறியவரே எப்போதும் முந்துவார் என்பதில்லை. விளம்பரம் தேடியவரின் வினாவுக்கு எவ்வளவு பொருந்துகின்றது, சொடுக்கிச் சேரும் பக்கம் எவ்வளவு பயனுடையது என்பனவுஞ் சேர்த்து எண்ணப்படும். வென்றவரும் தாம் கூறிய உச்ச விலை முழுவதையுங் கொடுப்பதில்லை. தமக்குக் கீழுள்ளவரை விஞ்சுவதற்கு வேண்டிய அளவே கொடுப்பார். மற்றது, கடற்கரை ஏலம் ஒரு காலைப்பொழுதோடு முடிந்துவிடும். இங்கோ ஒவ்வொரு தேடலுக்கும் ஓர் ஏலம். கண் இமைக்குமுன் தொடங்கி முடியும் ஏலம், இரவும் பகலும் ஓயாது நடைபெறுகின்றது. எந்த மனிதனால் அங்கே நின்று விலை கூற முடியும்? ஆகவேதான் விதி வேண்டியதாயிற்று.

தானியங்கு விதியின் இலக்கணம் மிக எளியது. எந்த விளம்பரத்தின்மேல், என்ன வினை, எந்த நிபந்தனையில், எத்தனை நாட்கணக்கைப் பார்த்து, எத்தனை நாளுக்கொருமுறை என்று ஐந்து வினாக்களுக்கு விடை எழுதினால் முடிந்தது. விளம்பரத்தை நிறுத்தலாம், மீண்டும் நடத்தலாம், சொடுக்கு விலையை ஏற்றலாம், இறக்கலாம், நாட்செலவைக் கூட்டலாம், குறைக்கலாம், ஒன்றுஞ் செய்யாது மின்னஞ்சல் மாத்திரம் அனுப்புமாறும் பணிக்கலாம். ஒருமுறை, நாள்தோறும், வாரந்தோறும், மாதந்தோறும் என்று காலமுங் குறிக்கலாம்.

தமிழ் மாணவர் இதனை ஒரு நொடியில் அறிந்துகொள்வர். நன்னூலார் எண்ணிய வினையெச்ச வாய்பாடுகளுள் 'செயின்' என்பது ஒன்று. 'மழை பெய்யின் குளம் நிறையும்' என்பது போல்வது. இக்காலத்தே 'பெய்தால்' என்கின்றோம். தானியங்கு விதி முழுவதும் இந்தச் 'செயின்' என்னும் எச்சத்தின்மேற் கட்டிய வீடு. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. மழை பெய்தாற் குளம் நிறைவது இயற்கை. 'சொடுக்கு நூறைத் தாண்டின் விளம்பரம் நிற்கும்' என்பது இயற்கையன்று, நம் ஆணை. முன்னதிலே காரணம் உலகத்தில் உள்ளது. பின்னதிலே காரணம் நம் மனத்தில் உள்ளது. கணினி நம் சொல்லைக் காணும், மனத்தைக் காணாது.

நெடுந்தீவிலே என்னிடங் கற்ற மாணாக்கர் ஒருவர் நான்கு அறை கொண்ட சிறு விடுதி நடத்துகின்றார். குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரங் கடலிலே சென்று, ஒல்லாந்தர் கோட்டையையும், பெருக்க மரத்தையும், கட்டாக் குதிரைகளையும், முருகைக்கல் வேலிகளையும் பார்க்க வருவோரே அவருக்கு விருந்தினர். வெளிநாடுகளிலே வாழும் எம்மவர் பிள்ளைகளோடு ஊர்பார்க்க வரும்போதும் அங்கே தங்குவர். விளம்பரத்துக்கான தமிழ்த் தொடர்களைத் திருத்தித் தருமாறு கேட்டு ஒருநாள் அவர் என்னிடம் வந்தார். திருத்தி முடிந்தபின், ஒரு தேடுபொறியிலே தாம் எழுதிவைத்திருந்த மூன்று விதிகளையுந் தமிழாக்கிச் சொன்னார். ஒவ்வொன்றும் பிழையற்ற வாக்கியம். எழுவாய், பயனிலை, எச்சம் எல்லாஞ் சரி. ஆனால், விளம்பரத்துக்குப் பணம் போகின்றது, விருந்தினர் வருவது குறைகின்றது என்றார். அறை வாடகையே அவர் குடும்பத்தின் சீவனம். ஆதலின், இது விளையாட்டுச் செய்தியன்று. விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம்.

முதல் விதி: 'இரவு 10 மணியாயின் விளம்பரத்தை நிறுத்துக; காலை 6 மணியாயின் தொடங்குக.'

"இது ஏன் தம்பி?" என்றேன்.

"இரவிலே எல்லாரும் நித்திரை ஐயா. விளம்பரம் ஆருக்கு?" என்றார்.

"உமது விருந்தினர் எங்கே இருக்கின்றனர்?"

"கூடுதலாகக் கனடாவிலும் இலண்டனிலும்."

"ஆடி மாதத்திலே எங்கள் இரவு 10 மணிக்கு ரொறன்ரோவில் மணி என்ன?"

கைப்பேசியிற் பார்த்தார். நண்பகல் 12.30. எங்கள் காலை 6 மணிக்கு அங்கே முதல்நாள் இரவு 8.30. இலண்டனிலோ, எங்கள் இரவு 10 மணி மாலை 5.30, எங்கள் காலை 6 மணி நள்ளிரவு கடந்த 1.30. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பிள்ளைகளோடு இருந்து, பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போவோமா என்று தேடும் வேளை முழுவதும் விளம்பரம் உறங்கியிருக்கின்றது. நெடுந்தீவு உறங்கும் நேரத்தை உலகம் உறங்கும் நேரம் என்று விதி கொண்டுவிட்டது. கணினிமேற் குறையில்லை. அதற்குச் சொல்லப்பட்டதை அது செய்தது.

இரண்டாம் விதி: 'விளம்பரம் முதலிடத்துக்கு வராதாயின், நாள்தோறுஞ் சொடுக்கு விலையை 10 வீதம் உயர்த்துக.' பத்து வீதந்தானே என்று தோன்றும். சதுரங்க அறையிலே நெல்மணியை இரட்டித்த கதை அறிந்தவர் அப்படி நினையார். 20 ரூபாவிலே தொடங்கினால் ஏழு நாளில் ஏறத்தாழ 39 ரூபா. முப்பது நாளில் ஏறத்தாழ 349 ரூபா. வட்டிக்கு வட்டி ஏறுவது போல இங்கே விலைக்கு விலை ஏறுகின்றது. இவ்விதியிலே நிபந்தனை உண்டு, வினை உண்டு, எல்லை இல்லை. 'இத்தனை ரூபாவுக்குமேல் ஏற்றற்க' என்று உச்சவரம்பு குறிக்க இடம் இருந்தும் அது வெறுமையாக விடப்பட்டிருந்தது.

எல்லையில்லாத விதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2011ஆம் ஆண்டிலே, ஈயின் வளர்ச்சியைப் பற்றிப் பீற்றர் லோறன்ஸ் என்னும் அறிஞர் எழுதிய உயிரியல் நூல் ஒன்று அமேசன் தளத்திலே 2 கோடியே 36 இலட்சம் டொலருக்கு மேல் விலை குறிக்கப்பட்டு நின்றது. வாங்குவார் போட்டி போட்டதனால் வந்த விலையன்று அது. இரண்டு வணிகர் ஆளுக்கொரு தானியங்கு விதி வைத்திருந்தனர். மற்றவர் விலையைவிடச் சிறிது குறைவாக வைக்க என்பது ஒருவர் விதி. மற்றவர் விலையைப்போல் ஏறத்தாழ 1.27 மடங்கு வைக்க என்பது மற்றவர் விதி. ஒன்றையொன்று பார்த்துப் பார்த்து இரு விதிகளும் நாள்தோறும் ஏணி ஏறின. விதி எழுதிய இருவரும் ஏணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்நூலைப் பயன்படுத்தும் ஆய்வுகூடத்தார் ஒருவர் கண்டதனாலேதான் செய்தி வெளிவந்தது. உயர்த்துக என்று சொல்லத் தெரிந்தவர்க்கு, நில் என்று சொல்லவுந் தெரிந்திருத்தல் வேண்டும்.

மூன்றாம் விதிதான் என் மாணாக்கருக்கு மிகவும் பிடித்தது. 'மூன்று நாளில் ஒரு முன்பதிவும் வராதாயின், அவ்விளம்பரத்தை நிறுத்துக.' கேட்பதற்கு நீதியாகவே இருக்கின்றது. உழைக்காதவனுக்குக் கூலி எதற்கு? ஆனால், உழைப்பை அளக்கும் மரக்கால் சரிதானா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

ஆனி மாதம் முதலாந் திகதி ஒருவர் விளம்பரத்தைச் சொடுக்குகின்றார். வீட்டிலே கலந்து பேசுகின்றார்; விமானச் சீட்டின் விலை பார்க்கின்றார்; பன்னிரண்டாந் திகதி முன்பதிவு செய்கின்றார். பொதுவாக இவ்விளம்பரக் கணக்கேடுகளிலே அம்முன்பதிவு சொடுக்கிய முதலாந் திகதியின் பேரிலேதான் எழுதப்படும். ஆகவே, எந்நாளிற் பார்த்தாலுங் கடைசி மூன்று நாள்கள் வெறுமையாகவே தோன்றும். விதைத்த மூன்றாம் நாள் வயலுக்குப் போய், கதிர் இல்லை என்று நீரை அடைத்தவன் கதை இது. இன்னொன்றும் உண்டு. எம்மவர் பலர் விளம்பரத்தைப் பார்த்துத் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு பேசியே அறை கேட்பர். பெரியம்மா மகனிடம் சொல்லி விடுதிக்காரரிடங் கேட்பிப்பாரும் உளர். இவை ஒன்றுங் கணக்கேட்டில் ஏறுவதில்லை. விருந்தினரை அழைத்துவந்த விளம்பரத்தையே, அழைத்து வரவில்லை என்று விதி நிறுத்தியிருக்கின்றது.

மூன்று விதிகளையும் பார்த்தபின், சொடுக்கிய சொற்களின் பட்டியலையும் பார்த்தோம். அங்கேதான் தமிழ்ப் பண்டிதனுக்கு வேலை வந்தது. நெடுந்தீவை ஒல்லாந்தர் 'டெல்வ்ற்' என்றனர். ஊர்காவற்றுறைத் தீவை லெய்டன் என்றும், காரைநகரை அம்ஸ்ரர்டாம் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றுந் தங்கள் நாட்டு நகரப் பெயர்களை இட்டனர். மற்றப் பெயர்கள் வழக்கொழிந்தன. டெல்வ்ற் மாத்திரம் இன்றும் வழங்குகின்றது. நெதர்லாந்திலும் அப்பெயருடைய நகரம் இருக்கின்றது. அங்கே புகழ்பெற்ற தொழினுட்பப் பல்கலைக்கழகமும் இருக்கின்றது. அந்நகரிலே தங்குமிடந் தேடிய மாணவர் சிலர் எங்கள் தீவின் விடுதியைச் சொடுக்கிப் பார்த்து, வியந்து, போய்விட்டனர். ஒவ்வொரு வியப்புக்கும் பணம் இங்கே போயிற்று. பலபொருள் ஒருசொல் என்று இலக்கண வகுப்பிலே படித்தது வீண்போகவில்லை.

இதற்கு மருந்து விலக்கு. 'இச்சொல்லோடு வருந் தேடலுக்கு என் விளம்பரத்தைக் காட்டற்க' என்று விலக்குச்சொற்களைப் பட்டியலிடலாம். பல்கலைக்கழகம், நெதர்லாந்து என்பன போன்றவற்றை விலக்கினால் பாதிக் குழப்பந் தீரும். தமிழிலே விலக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். இவ்விலக்குப் பட்டியல் எழுதிய வடிவத்தையே பார்க்கும்; அதன் உருபேற்ற வடிவங்களைத் தானாக உய்த்துணரும் என்று நம்பியிருத்தலாகாது. வேலை தேடுவோரை விலக்க 'வேலை' என்று மாத்திரம் எழுதினாற் போதாது. வேலைக்கு, வேலைகள், வேலைவாய்ப்பு என்பனவுந் தனித்தனி எழுதப்படல் வேண்டும். வேற்றுமையியல் படித்தவனுக்கு இது பத்து நிமிட வேலை.

நன்னூல் முதலிய இலக்கண நூல்களிலே விதிகளையெல்லாம் வகுத்து முடித்து, இயலின் இறுதியிலே புறனடை என ஒன்று வைப்பது ஆசிரியர் வழக்கம். 'சொன்ன விதிக்குள் அடங்காதனவும் உள. அவற்றையும் அறிவோடு கொள்க' என்பது அதன் கருத்து. எத்துணை அடக்கம் பாருங்கள்! உலகம் தம் நூலைவிடப் பெரிது என்பதை அறிந்தவர்கள் அவர்கள். தானியங்கு விதிக்குப் புறனடை தானாக வருவதில்லை. கார்த்திகை, மார்கழியிலே வாடைக் கடல் கொந்தளித்துப் படகு நின்றுவிட்டால், நெடுந்தீவுக்கு வர வழியில்லை. விளம்பரமோ 'வருக வருக' என்று பணஞ் செலவழித்து அழைத்துக்கொண்டிருக்கும். விதி தன் கணக்கேட்டை மாத்திரம் அறியும், கடலை அறியாது. சிறு நிரல் எழுதத் தெரிந்தவர்கள் வானிலைத் தரவை வெளியிலிருந்து கொண்டுவந்து விளம்பரத்தோடு பிணைக்கின்றனர். அதற்கும் வழி இருக்கின்றது. ஆயினும், நான்கு அறை விடுதிக்கு அத்துணைப் பெரிய பொறி வேண்டியதில்லை. துறைக்குப் போய்ப் படகோட்டியிடங் கேட்டு வந்து, கையால் நிறுத்தினாற் போதும்.

'இக்காலத்திலே விதியே வேண்டாம். இயந்திரமே கற்று, தானே விலை கூறிக்கொள்கின்றது' என்று சொல்வாரும் உளர். உண்மை. பழைய தேடல்களையும் முன்பதிவுகளையும் படித்து, ஒவ்வோர் ஏலத்துக்கும் விலையைத் தானே தீர்மானிக்கும் முறை இன்று பெருவழக்காகிவிட்டது. பெரு வணிகர்க்கு அதனாற் பயன் உண்டு. ஆனால், கற்பதற்குப் பாடம் வேண்டும். மாதத்துக்குச் சில முன்பதிவுகளே வரும் சிறு விடுதியிடம் இயந்திரம் எதைக் கற்கும்? தொலைபேசியில் வந்த விருந்தினரைக் கணக்கிலே காட்டாவிட்டால், அது கற்பதும் பிழையான பாடமாகவே முடியும். எதனை வெற்றி என்று கொள்வது என்பதை அங்கேயும் மனிதனே சொல்லிக்கொடுத்தல் வேண்டும். மேலும், இயந்திரம் தனக்குள் வகுத்துக்கொண்ட வழியை நாம் வாசித்துப் பார்க்கக்கூடிய வாக்கியமாக எழுதித் தருவதில்லை. விலை ஏன் ஏறியது என்று கேட்டால், ஏறியது என்பதே விடை. விதி என்னுஞ் சொல்லின் இரண்டாம் பொருளுக்கு, அஃதாவது ஊழுக்கு, நாம் அங்கே மிக அண்மையில் வந்துவிடுகின்றோம். நாமே எழுதிய விதிக்கு உள்ள பெருமை, அதனை நாம் வாசிக்கலாம், கேள்வி கேட்கலாம், அழிக்கலாம் என்பதே.

ஆகவே, என் மாணாக்கருக்கு விதிகளை விட்டுவிடுமாறு சொல்லவில்லை. நான்கு உறுப்பும் நிறைந்த விதிகளாக மாற்றுமாறு சொன்னேன். இரவு விதியை அவர் நீக்கினார். ஏற்ற விதிக்கு 40 ரூபா என்று எல்லை வைத்தார். மூன்று நாள் என்றிருந்ததை நாற்பத்தைந்து நாளாக்கி, 'நிறுத்துக' என்பதை எடுத்துவிட்டு, 'எனக்கு மின்னஞ்சல் அனுப்புக' என்று மாற்றினார். அறிவிப்பது கணினியின் வேலை. தீர்ப்பது தம் வேலை என்று பிரித்துக்கொண்டார். சேமிக்குமுன் விதி என்ன செய்யும் என்று முன்னோட்டம் பார்க்கவும், செய்தவற்றின் வரலாற்றைத் திருப்பிப் பார்க்கவும் அங்கே வசதி இருக்கின்றது. வாரம் ஒருமுறை அதனைப் பார்ப்பதாகச் சொன்னார். இரு விதிகள் ஒரே வேளையில் ஒரே விளம்பரத்தைத் தொடாதபடி நேரத்தையும் பிரித்து வைத்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு விதிக்கும் பெயர் இடும் பெட்டியிலே, 'விதி 1', 'விதி 2' என்றிருந்ததை அழித்து, காரணத்தை எழுதினார். '40 ரூபாவுக்கு மேல் அறை வாடகையிற் கட்டாது' என்பது ஒரு விதியின் பெயர். 'வெளிநாட்டார் முடிவெடுக்க ஒரு மாதஞ் செல்லும்' என்பது மற்றொன்றின் பெயர். நாளைக்கு அவர் மகனோ மருமகளோ அக்கணக்கைத் திறந்தால், விதியை மாத்திரமன்றி அது பிறந்த கதையையும் அறிவர். வாடகை கூடினால் எந்த விதியை மாற்றுவது என்பது அவர்களுக்கு ஒருவர் சொல்லாமலே விளங்கும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். வினையெச்சம் கற்பிக்கும் நாளில், 'மழை பெய்யின்' என்பதோடு நின்றுவிடாது, மாணவரைத் தத்தம் வீட்டுத் தொழிலுக்கு 'செயின்' என்னும் வாய்பாட்டிலே ஐந்து விதிகள் எழுதச் சொல்லுங்கள். எழுதியபின், ஒவ்வொன்றுக்கும் எல்லை எங்கே, காரணம் எங்கே, புறனடை எங்கே என்று கேளுங்கள். கணினி கற்பிக்கும் ஆசிரியருக்கு அவ்வகுப்பு ஒரு பாதி வேலையை முடித்துக்கொடுக்கும். விதியை ஆராய்தல் இலக்கணக்காரனுக்குப் பரம்பரைத் தொழில்.

நயினாதீவுக் கல்லை மீண்டும் நினைக்கின்றேன். சந்திர சூரியர் உள்ளவரை என்று அதில் எழுதியிருந்தும், யானையுங் குதிரையும் ஏற்றிய கப்பல்கள் எங்கள் துறைக்கு வருவது என்றோ நின்றுவிட்டது. விதியின் காலம் முடிந்துவிட்டது என்பது அவ்விதியை வாசிக்கும் எவருக்கும் விளங்குகின்றது. காரணம் அதிலேயே இருப்பதனால். கல்லிலே ஓர் எழுத்து வெட்டுவதற்கு உளி எத்தனை அடி வாங்கியிருக்கும்! அத்தனை உழைப்பிலும், நமக்கு விருப்பமானவை என்னுங் காரணத்தையும் அவர்கள் விடாது வெட்டினார்கள். கணினியிலே எழுதுகின்ற நமக்கு உளியும் வேண்டா, கல்லும் வேண்டா. காரணத்துக்கென ஒரு வரி எழுத அரை நிமிடம் போதும்.